பென்னபா தொட்ட மாலை

சாவ் பிரயா ஆறு ஈயத்தை உருக்கி ஊற்றியது போல அசைவின்றிக் கிடக்க, மேலைக்கரையில் கோயிற் கோபுரங்கள் பனியை விலக்கித் தலைதூக்க, கீழைக்கரையிலே பாங்காக் மாநகரின் பூச்சந்தை இரவெல்லாம் விழித்திருந்த களைப்போடு பகலுக்குள் புகுந்துகொண்டிருந்தது. மூட்டை மூட்டையாய் இறங்கிய சாமந்தி தெருவின் இருமருங்கும் பொன்மேடாய்க் குவிந்திருந்தது. அம்மேடுகளுக்கிடையே தாமரை மொட்டுகள் கட்டுக்கட்டாய்த் தண்ணீர்த் தொட்டிகளில் நின்றன. மல்லிகையின் மேல் உடைத்துக் கொட்டிய பனிக்கட்டி உருகி, வாய்க்காலாய் ஓடி, நடப்போர் காலையெல்லாம் நனைத்தது. வண்டி தள்ளுவோர் வழி கேட்டுக் கத்தும் குரலும், கத்திகள் தண்டறுக்கும் ஓசையும், ஆற்றிலிருந்து வரும் நீள்வால் படகுகளின் உறுமலும் ஒன்றாய்க் கலந்து, அந்தச் சந்தைக்கே உரிய ஒரே பேரொலியாய் எழுந்தன.

அறிவார்ந்த அன்பரே, அச்சந்தையின் ஆற்றோரத் துறைக்கு அண்மையில், தகரக் கூரையின்கீழ் ஒரு பலகையிட்டு அமர்ந்து மாலை தொடுப்பவள் பென்னபா. நாற்பதை எட்டாத அகவை. முன்கையில் ஊசி கீறிய தழும்புகள் பல. அவள் கணவன் புன்மா அத்துறையிலே படகோட்டியவன். அவனுடைய படகில் உதவியாளாய் வேலைபார்த்த துவாங் என்பவன், அன்றைய கூலி எவ்வளவு என்ற சிறு பூசலில் சுக்கானின் இரும்புப் பிடியால் அவன் தலையில் அடித்தான். அடிபட்டவன் பின்புறமாய்ச் சாய்ந்து, படகுப் பொறியிலிருந்து நீளும் தண்டின் முனையில் சுழன்றுகொண்டிருந்த இரும்பு இலையின்மேல் விழுந்து, ஆற்றில் மூழ்கி மாண்டான். ஆறு அன்று சிவந்தது என்று எழுதினால் மிகைபோலத் தோன்றும்; ஆயினும் துறையில் நின்றவர்கள் அப்படித்தான் இன்றும் சொல்கிறார்கள்.

துவாங் சிறைசென்று மீண்டான். மீண்டவன் பூவும் மெழுகுத்திரியும் ஊதுவத்தியும் வைத்த மன்னிப்புத் தட்டை முதலில் ஒரு துறவியின் வழியாகவும், பின்பு ஊர்ப்பெரியோர் வழியாகவும் அவளுக்கு அனுப்பினான். அத்தட்டைக் கையால் தொட்டால் மன்னித்ததாகும். தொட்டபின் அந்தப் பகையை யாரும் கையில் எடுத்தலாகாது என்பது அம்மக்களின் வழக்கம். பென்னபா இரண்டு முறையும் தொடாமலே திருப்பி அனுப்பினாள். படகிலே தாமரை கொண்டுவந்து விற்கும் அவளுடைய கொழுந்தன் கம்சிங்கோ, தட்டைப்பற்றிக் கேள்வியுற்ற நாளிலிருந்து தாமரைத் தண்டறுக்கும் கத்தியை இடுப்பைவிட்டு இறக்கவில்லை. அவளுக்கு எஞ்சிய உறவு அவன் ஒருவனே. கணவனைக் கொன்றவன் சாகவேண்டும் என்று அவள் விரும்பினாள். கொழுந்தன் கொலைகாரனாகக் கூடாது என்றும் விரும்பினாள். இவ்விரண்டு விருப்பமும் ஒரே நெஞ்சில், ஒரே தொட்டியில் விட்ட இரண்டு சண்டைமீன்களைப் போலக் கிடந்தன.

அன்று காலை, நகர்காட்டும் சோம்சுடா என்னும் இளம்பெண், கையில் சிறு கொடி ஏந்தி, பதின்மரை அழைத்துக்கொண்டு வந்தாள். கோயிற்பூ, மணப்பூ, பிணப்பூ என்று சந்தை முழுவதும் காட்டிவிட்டு, பென்னபாவின் பலகையில் அவர்களை மாலை தொடுக்க வைப்பது அவள் வாடிக்கை. வந்தவர்கள் வடகிழக்கு நாட்டுப்புறத்தார் சிலர், கோராட் நகரிலிருந்து வந்த பருத்த கடைக்காரர் ஒருவர், அவர் மனைவி, பேச்சின்றி நின்ற வேறு சிலர்.

"யாரும் பூவ மூக்குகிட்ட கொண்டுபோகக் கூடாது, சொல்லிட்டேன்," என்றாள் சோம்சுடா. "நீங்க மோந்துட்டா அப்புறம் சாமிக்கு எச்சி."

"என் மூக்கே வேலை செய்யாதும்மா," என்றார் கடைக்காரர். "முப்பது வருசமா மீன் கருவாடு விக்கிறேன்."

"உங்ககூட குடும்பம் நடத்துறதுக்கு என் மூக்கத்தான் பலி குடுத்தாச்சு," என்றாள் மனைவி. கூட்டம் நகைத்தது.

பென்னபாவும் சிறிது நகைத்தாள். முழநீள ஊசிகளை எடுத்து, நெய்ப்பசை தடவி, ஆளுக்கொன்றாய்க் கொடுத்தாள். எருக்கம்பூவின் வெண்கிரீடங்களைக் கழற்றி ஊசியில் எப்படிக் கோப்பது, மல்லிகை மொட்டுகளின் காம்பை எவ்வளவு விட்டு நறுக்குவது, வட்டத்துக்கு வட்டம் மொட்டை இடைமாற்றி வைத்தால் எப்படி மாலை உருண்டு வரும் என்று காட்டினாள். கோத்ததை நூலுக்கு மெல்லத் தள்ளி, இருமுனையையும் சேர்த்து எளிய முடிச்சிட்டு, குஞ்சம் தொங்கவிடச் சொன்னாள்.

"இதப் பாருங்கக்கா, இது மாலையா மண்புழுவா?" என்று கடைக்காரர் தம்முடையதைத் தூக்கிக் காட்டினார்.

"மண்புழுவுக்கும் ஒரு சாமி இருக்கும், கவலப்படாதீங்க," என்றாள் பென்னபா.

பேச்சின்றி இருந்தவர்களில் ஒருவன் தொப்பியைப் புருவம்வரை இழுத்து, வாயும் மூக்கும் மறையத் துணியுறை அணிந்திருந்தான். புகைமிகுந்த அந்நகரில் முகமூடி அணிந்தோர் ஆயிரம். ஆதலால் ஒருவரும் அவனைப் பொருட்படுத்தவில்லை. அவன் குனிந்த தலை நிமிராமல் தொடுத்தான். ஊசி பலமுறை விரலில் ஏறியும் வாய்திறக்கவில்லை.

தொடுத்து முடிந்ததும், அப்பாடத்தின் இறுதிமுறை ஒன்று உண்டு. ஒவ்வொருவரும் தம் முதல் மாலையைத் தட்டில் வைத்து, மண்டியிட்டு, கற்பித்தவள்முன் நீட்டவேண்டும். அவள் அதைத் தொட்டு ஏற்றுக்கொள்வாள். ஆசிரியரை வணங்கும் பழைய வழக்கத்தைச் சோம்சுடா விருந்தினருக்காக இங்கே கொண்டுவந்து வைத்திருந்தாள். கடைக்காரர் முனகிக்கொண்டே மண்டியிட்டார். அவர் எழுவதற்கு இருவர் கைகொடுத்தனர். பென்னபா தொட்டாள். அவர் மனைவியினுடையதைத் தொட்டாள். அடுத்து முகமூடிக்காரன் மண்டியிட்டு, நெற்றி தரையில் படக் குனிந்து, தட்டை உயர்த்தினான்.

"தெரிஞ்சும் தெரியாமலும் நான் செஞ்ச பிழையெல்லாம் பொறுத்துக்கணும்," என்றான் மெல்லிய குரலில்.

மாணவன் சொல்லத்தக்க சொல்லாகவே அது பிறர் செவியில் பட்டது. பென்னபாவின் கை மாலைக்கு ஒரு விரற்கடை மேலே வந்து நின்றது. ஏனெனில் மாலையின் முனையில் அவள் காட்டிய எளிய முடிச்சு இல்லை. நூலை இருமுறை உள்ளே முறுக்கி, அடியால் வாங்கி இறுக்கிய முடிச்சு அது. படகின் மூக்கிலே, படகைக் காக்கும் தெய்வமான படகுத்தாய்க்கு மாலை கட்டும்போது, அலையடித்தும் அவிழாதிருக்கப் புன்மா தானே கண்டுபிடித்தது. அதை இட அறிந்தவர் மூவர். ஒருவன் சிதையில் எரிந்து சாம்பலானான். ஒருவன் அவள் கொழுந்தன். அச்சத்தில் மனம் எங்கோ போக, கை தன் பழக்கத்தைத் தானே செய்துவிட்டது என்பதை மண்டியிட்டிருந்தவன் அறியவில்லை.

இமைப்பொழுது அவளுக்குக் கணவனே எதிரில் மண்டியிட்டது போலிருந்தது. அடுத்த இமைப்பில் அவள் அவனுடைய முகவுறையைப் பறித்திழுத்தாள்.

"துவாங்!"

"ஒரு விரல் போதும் அக்கா," என்றான் அவன். முகமெல்லாம் வியர்வை வழிந்தது. "ஒரே ஒரு விரல். எனக்குத் தூக்கமே இல்ல. தொட்டுடுங்க, போயிடுறேன்."

"திருட்டுநாயே! என் கையத் திருட வந்தியா?"

அவள் கையில் ஊசி இருந்தது. தட்டைப் பற்றியபடி பலகைமேல் தாழ்ந்திருந்த அவனுடைய இடக்கையின் நடுவே அதை ஓங்கிக் குத்தினாள். தோலையும் தசையையும் துளைத்து, இரண்டு எலும்பின் இடையே புகுந்து, அடிப்பலகையில் அது ஆழ இறங்கி நின்றது. அவன் அலறினான். தட்டு கவிழ்ந்தது, மாலை சேற்றில் வீழ்ந்தது. கோராட்டுப் பெண்மணி கூவிக்கொண்டே பின்வாங்கி, தாமரைத் தொட்டியில் மோதிச் சரிந்தாள். சோம்சுடா கொடியை எறிந்துவிட்டு, "எல்லாரும் தெருப்பக்கம் போங்க! போங்க!" என்று கத்தினாள்.

அந்நேரம் துறைப்படியில் தாமரைக்கட்டு சுமந்து ஏறி வந்துகொண்டிருந்தான் கம்சிங். அலறலைக் கேட்டான், முகத்தைக் கண்டான், கட்டைக் கீழே போட்டான். அவன் ஓடிவந்ததை ஓட்டம் என்று சொல்வதற்கில்லை. கட்டறுந்த படகு வெள்ளத்தில் கரையை முட்டவருவது போல வந்தான்.

துவாங் தன் கையை ஊசியோடு பிடுங்கினான். பிடுங்கிய விசையில் உள்ளங்கை கிழிந்தது. மன்னிப்பு வேண்டி வந்தவன்தான் அவன். ஆனாலும் கத்தியைக் கண்ட உடம்பு மன்னிப்பை மறந்து உயிரை நினைத்தது. அருகில் கிடந்த பனிக்கட்டிக் கொக்கியை எடுத்து வீசினான். அது கம்சிங்கின் கன்னத்தைக் கிழித்து, காதின் ஓரத்தையும் அறுத்துக்கொண்டு போனது. கம்சிங்கின் கத்தி அவன் தோளில் இறங்கியது. இருவரும் கட்டிப்பிடித்துப் புரண்டனர். சாமந்தி மேடு அவர்கள்மேல் சரிந்தது. பொன்னிற இதழ்களுக்குள் இரண்டு உடல்கள் புரள்வதும், அவ்விதழ்கள் கொஞ்சங்கொஞ்சமாய்ச் சிவப்பதுமே வெளியே தெரிந்தன. இடையே புகுந்து பிரிக்க முயன்ற சோம்சுடாவின் வயிற்றில் யாருடைய கால் உதைத்ததோ அறியேன். அவள் மூச்சடைத்துக் கூரைத்தூணடியில் சுருண்டாள்.

"பிடிங்கடா! பிடிச்சு இழுங்கடா!" என்றார் கடைக்காரர்.

"நீ போய்ப் பிடி பாப்போம்! அவன் கையில கத்தி இருக்கு!" என்றான் வண்டி தள்ளுவோன் ஒருவன்.

கம்சிங்கே மேலோங்கினான். துவாங்கின் தலைமயிரைப் பற்றி இழுத்துச் சென்று, தாமரைத் தொட்டிக்குள் முகத்தை அமிழ்த்தினான். மொட்டுகள் முறிந்து மிதந்தன. நீர் கொப்புளித்தது. தூக்கினான், துவாங் ஒருமுறை மூச்சு வாங்கினான், மீண்டும் அமிழ்த்தினான். "எங்க அண்ணன் தண்ணி குடிச்சான்ல? குடி! நீயும் குடி!" என்று பல்லைக் கடித்தான். மூன்றாம் முறை தூக்கியபோது துவாங்கின் கால்கள் உதைப்பதை நிறுத்தியிருந்தன. கம்சிங் அவன் கழுத்தைப் பின்னுக்கு வளைத்து, கத்தியின் வாயை அங்கே வைத்தான்.

பென்னபா பார்த்துக்கொண்டு நின்றாள். உண்மையைச் சொல்லவேண்டுமானால், அந்தக் காட்சி அவளுக்கு இனித்தது. இத்தனை ஆண்டு இரவுகளில் அவள் கண்மூடிக் கண்டது இதுவே. ஆனால் அவள் துவாங்கின் கழுத்தைப் பார்த்த கண்ணால் கம்சிங்கின் முகத்தையும் பார்க்க நேர்ந்தது. கிழிந்த கன்னத்தின் வழியே பல் தெரிய, கண்ணில் ஒளியேயின்றி, சுக்கான் பிடியை ஓங்கிய நாளில் தன் பலகையிலிருந்து அவள் கண்ட துவாங்கின் முகம் எப்படி இருந்ததோ அப்படியே அது இருந்தது.

"கம்சிங், விடு!"

"வாய மூடு அண்ணி. திரும்பி நின்னுக்க. நீ பாக்க வேணாம்."

"விடுடா! உன்ன உள்ள வச்சிடுவாங்க!"

"வைக்கட்டும். நிம்மதியாத் தூங்குவேன்."

சொல்லால் தடுக்கமுடியாதென்று அவள் உணர்ந்தாள். தெருமுனையில் காவலரின் ஊதல் கேட்டது; அவர்கள் வந்துசேர்வதற்குள் கத்தி தன் வேலையை முடித்துவிடும். பென்னபா சேற்றில் முழங்காலிட்டாள். பலருடைய கால் மிதித்துக் கூழாக்கியிருந்த அம்மாலையை இருகையாலும் வாரி எடுத்து, நெற்றிக்கு நேரே உயர்த்தி, சந்தையே திரும்பிப் பார்க்கும்படி கத்தினாள்.

"தொட்டுட்டேன்! எல்லாரும் பாத்துக்கங்க! துவாங் குடுத்த மாலைய நான் தொட்டுட்டேன்! மன்னிச்சுட்டேன்!"

வண்டிகள் நின்றன. தண்டறுக்கும் கத்திகள் நின்றன. பூக்காரப் பெண்கள் தம்மை அறியாமல் கைகூப்பினர். கம்சிங்கின் கத்திமட்டும் கழுத்தைவிட்டு எழவில்லை.

"பொய்," என்றான். "மனசாரச் சொல்லல நீ. பொய் சொல்ற."

"மனசு என் வீட்டு விசயம். கை ஊர் விசயம். கை தொட்டாச்சு."

"அண்ணனுக்கு என்ன பதில் சொல்லுவ?"

"செத்தப்புறம் சொல்லிக்கிறேன். இப்ப கத்தியக் கீழ போடு. நான் மன்னிச்சவன வெட்டினா அது எனக்கு விழற வெட்டு. இந்தச் சந்தையில எவளும் உன் கையால ஒரு தாமரை வாங்கமாட்டா."

கம்சிங் கத்தியை எறியவில்லை. கை தானே அவிழ்ந்து, அது நீரில் விழுந்தது. துவாங் தொட்டியின் விளிம்பில் தொங்கியபடி இருமினான். நீரும் குருதியும் கக்கினான். உயிர் இருந்தது.

வண்டி தள்ளுவோர் அவனைத் தூக்கித் தள்ளுவண்டியில் கிடத்தினர். துளைபட்ட கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அவன், "அக்கா... நன்றி..." என்றான்.

"வாய மூடு," என்றாள் பென்னபா. "உனக்காகப் பண்ணல. நீ செத்தா இவன் கெட்டான். அவ்வளவுதான். போ."

காவலர் வந்து கேட்டபோது, இருவரும் வழுக்கி விழுந்ததாகத் துவாங்கே சொன்னான். நம்பத்தகாத கூற்று அது. ஆயினும் மாற்றிச் சொல்ல அச்சந்தையில் ஒரு வாயும் திறக்கவில்லை. சோம்சுடா மட்டும் வயிற்றைப் பிடித்துக்கொண்டே தன் கூட்டத்தை எண்ணிச் சேர்த்தாள். கோராட்டுக் கடைக்காரர் தம் மண்புழு மாலையைக் கையில் வைத்துக்கொண்டு, என்ன செய்வதென்று அறியாமல் நின்றிருந்தார்.

கம்சிங் முகத்தில் கட்டுப்போட மறுத்துவிட்டுத் துறைக்கு இறங்கினான். படியில் ஒருமுறை நின்றான்; திரும்பவில்லை.

"இனிமே எனக்கு அண்ணியும் இல்ல," என்றான். படகின் உறுமல் எழுந்து, ஆற்றின் நடுவே சென்று, தேய்ந்தது.

அவன் இப்போது வடக்கே வேறொரு துறையில் ஆளேற்றுகிறான் என்பர். அவன் கையில் கொலை இல்லை, முகத்தில் தழும்பு உண்டு, மணமும் செய்துகொண்டானாம். பென்னபாவுக்கு அழைப்பு வரவில்லை. அவளுக்குத் தாமரை இப்போது வேறொருவர் கொண்டுவருகிறார்.

அன்பரே, நெஞ்சு கொடாத மன்னிப்பு மன்னிப்பாகுமோ என்று அச்சந்தையார் இன்னும் வழக்காடுகிறார்கள். எனக்கும் தெளிவில்லை. தெரிந்ததைமட்டும் எழுதுகிறேன்: இருவர் உயிரோடிருக்கிறார்கள், ஒருத்தி தனித்திருக்கிறாள். கை ஒரு நொடியில் கொடுத்துவிட்டதை நெஞ்சு கொடுத்து முடிக்க ஒரு வாழ்நாள் போதாமலும் போகலாம். அதுவரை அந்தக் கடனை அவள் ஒருத்தியே, எவர்மீதும் சாய்க்காமல், நாளும் மாலை தொடுக்கும் அக்கையாலேயே சுமக்கிறாள்.