இருநூற்றுப் பத்துக் கிராம்

அப்போது என் மனைவி பிரேமிளா செத்துப் பத்து மாதம். மகளுக்கும் பத்து மாதம். பிறந்த மூன்றாம் நாள் தாய் போய்விட்டாள். அன்றிலிருந்து பிள்ளையைத் தூக்கி வளர்ப்பது பிரேமிளாவின் தங்கை யதுர்ஷிகா. நான் துணுக்காயில் மாமி வீட்டிலேயே தங்கிவிட்டேன். பிரதேச செயலகத்தில் விளையாட்டு உத்தியோகத்தர் வேலை. காலையில் போவேன். பின்னேரம் வருவேன். ஆறுதல் சொல்ல வந்த சனம் நாலாம் மாதத்தோடு நின்றுவிட்டது. அது நல்லது.

யதுர்ஷிகாவுக்கு இருபத்திரண்டு வயது. பத்தாயிரம் மீற்றர் ஓடுவாள். வாய்க்கால் கட்டு வழியே விடிய ஐந்தரைக்கு ஓடத் தொடங்கி, பிள்ளை எழும்புவதற்குள் வீட்டுக்கு வந்துவிடுவாள். கொழும்பில் ஓர் ஆடைக் கம்பனி தன்னுடைய ஓட்டக் குழுவுக்குப் பெண்களை எடுத்துக்கொண்டிருந்தது. வேலை, விடுதி, பயிற்சி எல்லாம் கொடுப்பார்கள். மாகாண மட்டத்தில் முதல் இரண்டு இடங்களுக்குள் வந்தால் உடனே வரலாம் என்று அவளுக்குக் கடிதம் போட்டிருந்தார்கள். போட்டி கிளிநொச்சியில். அதற்கு மூன்று வாரம் கழித்து பிரேமிளாவின் ஆட்டைத் திவசம், முதலாம் வருட நினைவு.

திவசம் முடிந்த கையோடு யதுர்ஷிகாவை எனக்குக் கட்டிவைப்பது என்று மாமி தீர்மானித்திருந்தார். என்னை யாரும் கேட்கவில்லை. அவளையும் கேட்கவில்லை. கைக்குழந்தையை விட்டுவிட்டு ஒருத்தி செத்து, கட்டாத தங்கை ஒருத்தி அந்த வீட்டில் இருந்தால், இங்கே அது கேட்கிற விஷயமில்லை.

அவளுக்கு ஒரே வழிதான் இருந்தது. முதல் இரண்டு பேருக்குள் வந்து, திவசத்துக்கு முன்பு கொழும்புக்குப் போய்விடுவது. அதை அவள் என்னிடமே சொன்னாள். கிணற்றடியில் பிள்ளையின் துணி தோய்த்துக்கொண்டிருந்தாள்.

"குறை நினைக்காதேங்கோ அத்தான். உங்களிலை எனக்கு ஒரு கோவமும் இல்லை. உங்களைக் கட்ட விருப்பமில்லை. அவ்வளவுதான்."

"சரி," என்றேன்.

"அம்மாட்டைச் சொல்லிப்போடாதேங்கோ."

"சொல்ல மாட்டன்."

சொல்லவில்லை. அவள் எழுந்து வீட்டுக்குள் போனாள். சீமெந்துத் தரையில் அவளுடைய ஈரக் காலடிகள் கிடந்தன. சாதாரணமாக ஒரு காலடியில் உட்பக்கம் வளைந்து ஈரமில்லாமல் இருக்கும். அவளுடையதில் வளைவே இல்லை. செங்கல்லை ஈரத்தில் தோய்த்து வைத்ததுபோல முழுதாகப் பதிந்திருந்தது. தட்டைப் பாதம். இடது கால் ஊன்றும்போது கணுக்கால் உள்ளே சாயும். நான் கம்பஸில் படித்த நான்கு வருடமும் ஓடினவன். இதெல்லாம் கண்ணில் தானாகப் படும்.

வைகாசியில் அவளுடைய பழைய சப்பாத்தின் அடி இரண்டாகக் கழன்றது. இரவுச் சாப்பாட்டின்போது புதுச் சோடி வேண்டும் என்றாள். மாமி கமலாசனி சோற்றுக் கரண்டியை வைத்தார்.

"வருசம் திரும்பேல்லை. செத்த வீட்டுக்குள்ளை புதுச் சப்பாத்தோ? தமக்கை போய்ச் சேந்தாளோ இல்லையோ எண்டு தெரியாது, நீ புதுசு மாட்டிக்கொண்டு துள்ளப் போறாய். தைப்பொங்கலுக்கு ஒரு துண்டுத் துணி எடுத்தனாங்களோ இந்த வீட்டிலை?"

"அப்ப நான் வெறுங்காலோடையோ அம்மா ஓடுறது?"

"ஓடாதை. ஆர் ஓடச் சொன்னது? குமர்ப்பிள்ளை, தொடை தெரிய வயல் றோட்டிலை ஓடுறாய். செத்தவள் நல்லவள். அவள் ஓடேல்லை."

மாமா தவராசா வாய் திறந்தால் அது வயலைப் பற்றித்தான் இருக்கும். அன்றைக்குச் சோற்றுக் கோப்பையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"பாவிச்சது புதுசில்லைத்தானே."

புதுசு கூடாது என்பதுதான் மாமியின் சட்டம்; பழசைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. வாயிலிருந்ததை மென்று விழுங்கினார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"அப்ப தம்பி, வவுனியாவிலை பழைய சப்பாத்து விக்கிறாங்களாம். நீங்களே இவளைக் கூட்டிக்கொண்டு போங்கோ. பஸ் வேண்டாம். மோட்டச்சைக்கிள் நிக்குதுதானே. சனமும் பாக்கட்டும்."

யதுர்ஷிகா என்னைப் பார்க்காமல் சாப்பிட்டு முடித்தாள்.

சனிக்கிழமை வெளிக்கிட்டோம். வாசல் படலையைத் தாண்டும்போது மகள் மாமியின் இடுப்பிலிருந்து இரண்டு கைகளையும் நீட்டிக் கத்தினாள். "ம்மா," என்றாள். அதுவரை அவள் அந்தச் சொல்லைச் சொன்னதில்லை. கைகள் என்னிடம் நீளவில்லை. யதுர்ஷிகா மோட்டார் சைக்கிளில் ஏறி, என் முதுகில் படாமல் பின்கம்பியைப் பிடித்துக்கொண்டு, "எடுங்கோ அத்தான்," என்றாள்.

வவுனியாச் சந்தைக்குப் பின்னால் அந்தக் கடை. வெளிநாட்டிலிருந்து பொதியாக வந்த பழைய சப்பாத்துகள் நிலத்தில் விரித்த தறப்பாளில் குவியலாகக் கிடந்தன. கடைக்காரன் ஸ்ரீபன் முல்லைத்தீவுக் கடற்கரைப் பெடியன். கடலுக்குப் போகாமல் இதற்கு வந்திருந்தான்.

"மனிசிக்கோ அண்ணை?"

"அக்காவின்ரை மனிசன் இவர்," என்றாள் யதுர்ஷிகா.

"ஓ, அத்தானோ. அப்ப விலை குறைக்க மாட்டன். மனிசியைக் கூட்டிக்கொண்டு வாற ஆம்பிளையளுக்குத்தான் நான் இரக்கம் பாக்கிறது. இஞ்சை பார் தங்கச்சி, இது ஒரு கனடாக்காரி போட்டது. பனிக்குள்ளை போட்டபடியா இன்னும் குளிருது, தொட்டுப் பார்."

அவள் சிரித்தாள். குந்தியிருந்து கிளறத் தொடங்கினாள்.

எப்படிப் பார்ப்பது என்று அவளுக்குச் சொல்லிக் கொடுத்தேன். குதியின் பின்பக்கத்தை இரண்டு விரலால் அமத்த வேண்டும். மசிந்தால் வேண்டாம். முன்னையும் பின்னையும் பிடித்து ஈரத்துணி பிழிவதுபோல முறுக்க வேண்டும். முழுதாக முறுகினால் வேண்டாம். விரல் மடங்கும் இடத்தில் மட்டும் மடங்க வேண்டும், நடுவில் மடங்கக்கூடாது. மட்டமான பலகையில் வைத்துப் பின்னாலிருந்து பார்த்தால் நேரே நிற்க வேண்டும். பாவித்த சப்பாத்தில் இது முக்கியம். முன்பு போட்டவர் எந்தப் பக்கம் சாய்ந்து நடந்தாரோ அந்தப் பக்கம் அடி தேய்ந்திருக்கும். எல்லாவற்றையும் சொன்னேன். அவள் நல்ல மாணவி. தலையாட்டினாள்.

முதலில் ஒரு நீலச் சோடி எடுத்தாள். உறுதியானது. கையில் கல்லுப்போலக் கனத்தது.

"நிறுத்துப் பாப்பமே அத்தான்?"

பக்கத்துக் கருவாட்டுக் கடையில் தராசு இருந்தது. ஸ்ரீபன் சப்பாத்தைக் கொண்டுபோனான். கருவாட்டுக்காரி கத்தினாள்.

"டேய், ஊரான்ரை காலிலை கிடந்ததை என்ரை தராசிலை வைக்கிறாய். பிறகு ஆரடா பாரைக் கருவாடு வாங்குவான்?"

"மணத்திலை ஒரு வித்தியாசமும் தெரியாது அன்ரி, பயப்பிடாதேங்கோ."

முந்நூற்று இருபது கிராம். யதுர்ஷிகா உதட்டைப் பிதுக்கினாள். அடுத்தது செம்மஞ்சள் நிறம். போட்டிக்காகச் செய்தது. மேல்துணி வலைபோல இருந்தது. இருநூற்றுப் பத்துக் கிராம். அதைப் போட்டுக்கொண்டு கடை வாசலில் துள்ளிப் பார்த்தாள். பிறகு தெருவோரமாக மெல்ல ஓடிப் போனாள்.

அவள் அந்தப் பக்கம் திரும்பியிருந்தபோது நான் குவியலைக் கிளறினேன். ஓர் உடைந்த பூட்ஸுக்குக் கீழே சாம்பல் நிறச் சோடி ஒன்று கிடந்தது. பெண்கள் அளவு. அவளுடைய அளவு. குதியை அமத்தினேன், மசியவில்லை. முறுக்கினேன், கொஞ்சம் மட்டும் திரும்பி நின்றது. உட்பக்கத்தில், வளைவு வரும் இடத்தில், அடியின் நுரை வேறு நிறத்தில் கட்டியாக இருந்தது. உள்ளே சாய்கிற காலைத் தாங்குவதற்காகவே அப்படிச் செய்வார்கள். யாரோ வாங்கிவிட்டு ஓடாமல் விட்டிருக்க வேண்டும், அடியில் தேய்வே இல்லை. கையில் தூக்கிப் பார்த்தேன். செம்மஞ்சளைவிட முப்பது கிராம் கூட இருக்கலாம். அவளுடைய காலுக்கு அதைவிடச் சரியான சப்பாத்து இந்த வன்னி முழுக்கத் தேடினாலும் கிடைக்காது.

படலையில் நீண்ட இரண்டு கைகள் ஞாபகம் வந்தன. சோடியைப் பூட்ஸுக்குக் கீழே திரும்ப வைத்தேன். இன்னும் கொஞ்சம் ஆழமாகத் தள்ளினேன்.

அவள் மூச்சிரைக்க வந்தாள்.

"காலிலை ஒண்டுமே இல்லாத மாதிரிக் கிடக்கு அத்தான். ஆனா முறுக்கினா முறுகுது. நீங்கள் சொன்ன மாதிரி நேரையும் நிக்கேல்லை. லேசாவும் இருக்க வேணும், உறுதியாவும் இருக்க வேணும். அப்பிடி ஒண்டு இல்லையோ?"

"ரெண்டும் ஒண்டிலை கிடையாது," என்றேன். "ஒண்டை விட்டால்தான் மற்றது."

"கிடைக்கும் அண்ணை," என்றான் ஸ்ரீபன். "பொறுங்கோ, அடியிலை தேடிப் பாப்பம்."

"வேண்டாம் தம்பி," என்றாள் யதுர்ஷிகா. "அத்தான் கம்பஸிலை ஓடினவர். அவருக்குத் தெரியாததோ?" என்னிடம் திரும்பினாள். "நீங்கள் எண்டால் எதை எடுப்பியள்?"

"போட்டிக்கெண்டால் லேசுதான்."

செம்மஞ்சளை எடுத்தாள். திரும்பி வரும் வழியில் அதை மடியில் வைத்திருந்தாள்.

மூன்றாம் வாரம் முழங்காலுக்குக் கீழே, உட்பக்கம், எலும்போடு சேர்ந்து நோகத் தொடங்கியது. குசினி அடுப்படியில் கதவைச் சாத்திக்கொண்டு நோ எண்ணெய் பூசினாள். மணம் வெளியே வந்தது. என்னிடம் காட்டினாள். விரலால் அமத்தினேன். அவளுக்குக் கண்ணீர் வந்தது. எலும்பில் ஓரிடத்தில் மட்டும் அப்படி நொந்தால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். நிறுத்தி இரண்டு கிழமை ஓய்வெடுத்தால் தப்பும்.

"சப்பாத்துக்குக் கால் பழகுற நோ," என்றேன். "விடாமல் ஓடும்."

ஓடினாள்.

கிளிநொச்சியில் பத்தாயிரம் மீற்றருக்கு இருபத்தைந்து சுற்று. ஒன்பது பெண்கள். வெயில் ஏறுமுன் தொடங்கினார்கள். பதினெட்டாம் சுற்று வரை யதுர்ஷிகா இரண்டாவதாக ஓடினாள். மூன்றாவதாக வந்த மன்னார்ப் பிள்ளைக்கும் அவளுக்கும் நூறு மீற்றர் இடைவெளி. நான் உத்தியோகத்தர்களுக்கான கொட்டிலில் நின்று சுற்று எண்ணிக்கொண்டிருந்தேன். இருபத்தோராம் சுற்றில் அவளுடைய இடது கால் ஊன்றிய விதம் மாறியது. யாரோ பக்கத்தில் "ஐயோ" என்றார்கள். அவள் நிற்கவில்லை. கடைசி நான்கு சுற்றும் ஒவ்வொரு முறை இடது கால் நிலத்தில் படும்போதும் வாயைத் திறந்து மூடினாள். சத்தம் வரவில்லை. கடைசி வளைவில் மன்னார்ப் பிள்ளை அவளைத் தாண்டியது.

மூன்றாம் இடம். இரண்டு செக்கன் வித்தியாசம்.

ஆஸ்பத்திரியில் படம் எடுத்தார்கள். எலும்பு வெடித்திருந்தது. வெடித்த பிறகும் ஓடியதால் கொஞ்சம் விலகியும் இருந்தது. டொக்டர் இளம் பெண். கட்டிலுக்குக் கீழே கிடந்த சப்பாத்தை எடுத்து, இரு முனையிலும் பிடித்து முறுக்கினார்.

"தங்கச்சி, உம்மடை பாதம் தட்டை. இதை ஆர் உமக்குத் தெரிவுசெய்து தந்தது?"

"அத்தான்," என்றாள். "விளையாட்டு உத்தியோகத்தர்."

டொக்டர் என்னைப் பார்த்தார். சப்பாத்தைக் கீழே வைத்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

யதுர்ஷிகா கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள்.

"உங்களுக்குத் தெரியும் என்ன?"

"ஓம்."

"வேறை சோடி இருந்ததோ?"

"இருந்தது. சாம்பல் நிறம். உம்மடை அளவு."

"பிள்ளைக்காகவோ செய்தனீங்கள்?"

"ஓம்."

"என்னிலை விருப்பத்திலை இல்லை."

"இல்லை."

"அதுகூட இல்லை," என்றாள். சிரிப்பதுபோல மூச்சு விட்டாள்.

கைத்தொலைபேசி அடித்தது. மாமி. சத்தம் அவளுக்கும் கேட்டது.

"என்ன, கால்தானே? உயிர் போகேல்லைத்தானே? ஆறு கிழமை கட்டோ? இருக்கட்டும். திவசம் முடியக் கலியாண எழுத்தை வைப்பம். கதிரையிலை இருந்து கையெழுத்து வைக்கக் கால் என்னத்துக்கு? தம்பி, வரேக்கை வழியிலை பிள்ளைக்குப் பால்மா வாங்கிக்கொண்டு வாங்கோ."

நான் தொலைபேசியை வைத்தேன். யதுர்ஷிகா முதன்முறையாக முகத்தைத் திருப்பி என்னை நேரே பார்த்தாள்.

"கையெழுத்து வைப்பன். இந்தக் காலோடை நான் எங்கை போறது? பிள்ளையையும் வளப்பன், அதிலை ஒரு குறையும் வராது. ஆனா அவள் கதை விளங்குற வயசுக்கு வரட்டும். நீங்கள் என்ன செய்தனீங்கள் எண்டு சொல்லுவன். குவியலுக்குக் கீழை ஒளிச்சதோ, எங்கை ஒளிச்சனீங்களோ, அதையும் சேத்துச் சொல்லுவன். அவளுக்காகச் செய்ததெண்டும் சொல்லுவன்."

"சரி," என்றேன்.

திவசத்துக்குப் பிறகு நாலாம் நாள் எழுத்து நடந்தது. கட்டுப் போட்ட காலை ஒரு முக்காலியில் நீட்டி வைத்திருந்தாள். அழகான கையெழுத்து.

இப்போது மகளுக்கு நாலு வயது. யதுர்ஷிகா அவளை வளர்ப்பதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. எனக்கும் நேரத்துக்குச் சாப்பாடு வருகிறது. கால் பொருந்திவிட்டது, ஆனால் நேராகப் பொருந்தவில்லை. மாரியில் நொண்டுவாள். போன கிழமை மழை. மகள் அவளுக்குப் பின்னால் குசினிக்கும் விறாந்தைக்கும் நொண்டி நொண்டி நடந்து காட்டினாள். மாமி விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு மகள் நின்று, "அம்மா, ஏன் உங்கடை கால் இப்பிடி?" என்று கேட்டாள்.

யதுர்ஷிகா அவளை மடியில் தூக்கி வைத்து, தலையைத் துவட்டிவிட்டாள்.

"இன்னும் கொஞ்சம் வளருங்கோ குஞ்சு," என்றாள். "சொல்லுறன்."