தையலுக்கு விட்ட கணக்கு

என் மகள் பாப்பு கணக்கில் முட்டை வாங்கியதற்கு முழு முதற் காரணம் என் அப்பா. பெற்றவரைக் குறை சொல்லலாமா என்று யாரும் என்னிடம் நியாயம் பேச வராதீர்கள். அந்த விடைத்தாளைப் பார்த்திருந்தால் உங்களுக்கும் தலை சுற்றியிருக்கும்.

நானும் கணவரும் வேலை முடிந்து வர இருட்டிவிடும். அதுவரை பாப்புவுக்குத் துணையும் டியூஷனும் அப்பாதான். காலமெல்லாம் தையல் மிஷின் மிதித்தவர். அளந்த அளவுக்கே துணியை வெட்டினால் சட்டை உடம்பைப் பிடிக்கும், தையலுக்கென்று கொஞ்சம் விட்டுத்தான் வெட்ட வேண்டும். துணிக்குச் சரி. மனிதர் அதைச் செவ்வகத்துக்கும் சொல்லிக்கொடுத்துவிட்டார்!

வயலுக்கு வேலி, சுவருக்குச் சுண்ணாம்பு, பரீட்சையில் எதைக் கேட்டாலும் பாப்பு ஒவ்வொரு பக்கத்துக்கும் ஓர் அங்குலம் கூட்டியே விடை எழுதியிருந்தாள். டீச்சர் என்னை வரவழைத்து, "உங்க பொண்ணு வட்டத்துக்குக்கூட ஓரம் மடிக்க இடம் விட்டிருக்கா மேடம்," என்றார். மானம் போயிற்று.

வீட்டுக்கு வந்து காட்டுக் கத்தல் கத்தினேன். "அடுத்த பரீட்சையிலயும் இப்படி வந்துச்சுன்னா, அப்பா, நீங்க அண்ணன் வீட்டுக்குக் கிளம்புங்க. சொல்லிட்டேன்!"

"வட்டத்தைத்தாம்மா ரொம்ப ஜாக்கிரதையா வெட்டணும்," என்றார் அப்பா. பாப்பு என்னையும் தாத்தாவையும் மாறி மாறிப் பார்த்தாள்.

அடுத்த பரீட்சையில் நூற்றுக்கு நூறு! எனக்குத் தலைகால் புரியவில்லை. அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு விடைத்தாளை வரி வரியாகப் பார்த்தார். முகம் சுண்டிப்போயிற்று. விறுவிறுவென்று போய்ப் பெட்டியைத் திறந்து துணிகளை அடுக்க ஆரம்பித்தார்.

"என்னப்பா பண்றீங்க? அதான் நல்ல மார்க் வாங்கிட்டாளே!"

"ஒரு கணக்குலகூட தையலுக்கு விடல. என் பேச்சுக்கு இந்த வீட்டுல மதிப்பே இல்ல. அப்புறம் நான் எதுக்கு இங்க?"

பாப்பு ஓடிப்போய்ப் பெட்டிக்குள்ளேயே ஏறி உட்கார்ந்துகொண்டாள். மூக்கெல்லாம் ஒழுகியது.

"லூசு தாத்தா! தையலுக்கு விடாம எழுத எனக்கு மட்டும் ஆசையா? நீ இங்கயே இருக்கணும்னுதான் எல்லாத்தையும் தப்பா எழுதினேன்!"

அப்பா மடித்த சட்டையும் கையுமாக அப்படியே நின்றார். பிறகு அவளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"பாவம் குழந்தை. உனக்குப் பயந்துக்கிட்டு என்னென்ன எழுத வேண்டியிருக்கு பாரு," என்றார்.