நுரை அடங்கும் வரை

தெருவில் அவளுக்கு அவசரக்காரி என்றுதான் பெயர். உலை கொதிக்குமுன் மூடியைத் திறந்து நாலு தடவை எட்டிப் பார்க்கிற ரகம். அவளே சினை பிடிக்காத ஒரு பசுவுக்காக இரண்டு வருடம் காத்திருந்தாள் என்றால், ஆசை எத்தனை என்று பார்த்துக்கொள்ளுங்கள். கடைசியில் கால்நடை மருத்துவர் ஒரு வாரம் ஹார்மோன் ஊசி போட்டார். கன்று போடாமலே பசு பால் சுரந்தது. ஊசி மருந்து பாலில் தங்காமலிருக்க அவர் சொன்ன நாள் கணக்கு முடிந்து, இன்றுதான் பாலைக் கொள்முதல் நிலையத்துக்குக் கொண்டுபோகலாம்.

புருஷன் கறாராகச் சொல்லிவிட்டான்: "அங்க வேண்டாம்னுட்டா மாட்டை வித்துடுவேன். பத்து மணிக்கு வியாபாரி வர்றான்."

அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. நேற்றைய பாலை மூன்று முறை காய்ச்சிப் பார்த்தாள், திரியவில்லை. நகத்தில் சொட்டு விட்டாள், வழிந்தோடவில்லை. இன்று கறந்த சூட்டோடு கேனைத் தூக்கிக்கொண்டு ஓடினாள்.

வரிசையில் பக்கத்து வீட்டு அக்கா. "ஏண்டி, இது மாடு கறந்த பாலா, மருந்துக் கடை கறந்த பாலா?"

நிலையத்துப் பரிசோதகர், தண்ணீர் கலந்திருக்கிறதா என்று காட்டும் லாக்டோமீட்டரைப் பாலில் மிதக்க விட்டார். குறைந்தது இருபத்தேழு காட்ட வேண்டியது, முழுகிப்போய் இருபத்தைந்தில் நின்றது.

"பாத்தியா, தண்ணியா இருக்கு! எல்லாம் ஊசி பண்ற வேலை," என்றாள் அக்கா.

"சத்தியமா சொட்டுத் தண்ணி ஊத்தல சார்!"

அவர் கேனைத் தொட்டுப் பார்த்தார். "எப்பம்மா கறந்தே?"

"இப்பதான் சார். ஓடி வந்தேன்."

"அதானே! பால் சூடும் ஆறல, நுரையும் அடங்கல. அப்படியே விட்டா மீட்டர் முழுகத்தான் செய்யும். கேனைத் தொட்டித் தண்ணியில வச்சு அரை மணி ஆற விடு."

அரை மணி! மணி ஒன்பதே கால். அவள் உட்கார்ந்தாள், எழுந்தாள், கேனைக் குலுக்கினாள்.

"குலுக்காதே தாயி, மறுபடி நுரைக்கும்!"

கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். பிறந்ததிலிருந்து அவள் சும்மா நின்றது அன்றுதான் என்று தெருவே சொல்லும்.

இரண்டாம் முறை இருபத்தெட்டரை. கொழுப்பும் சரியாக இருந்தது. பரிசோதகர் பாலைப் பெரிய கேனில், எல்லோர் பாலோடும் கொட்டினார்.

அக்கா குனிந்து அதற்குள் ஊசிப் பாலைத் தேடிக்கொண்டிருந்தாள். அவசரக்காரி கேன் மூடியைக்கூட எடுக்காமல் பாதித் தெரு தாண்டிவிட்டாள். மணி பத்துக்குப் பத்து நிமிடம் இருந்தது.