சத்தார்குல் லாரியின் இரண்டாவது பேட்டரி

சத்தார்குலின் லாரிக்கு நாலு குளிர்காலம் இரண்டாவது பேட்டரியாக இருந்தவள் அவருடைய மனைவி புருல்கான். எங்கள் ஊரான முர்காபில் இது எல்லோருக்கும் தெரியும். பாமீர் மலைக்கு நல்ல பேட்டரி வந்து சேர்வதே அப்போது அபூர்வம் என்பதால் யாரும் அதைப் பெரிதாகப் பேசவில்லை. அந்தப் பழைய டீசல் லாரிக்கு இருபத்துநாலு வோல்ட் வேண்டும். பன்னிரண்டு வோல்ட் பேட்டரிகள் இரண்டை வரிசையாகக் கோத்தால்தான் ஸ்டார்ட்டர் சுற்றும். சத்தார்குல் செய்தது எங்கள் ஊர் ஆண்கள் எல்லோரும் செய்கிற தப்புதான். வீட்டு டிவிக்குப் பன்னிரண்டே போதும் என்று, மாலையானால் ஒன்றை மட்டும் கழற்றி உள்ளே தூக்கிவந்து மல்யுத்தம் பார்ப்பார். தினமும் அதே பேட்டரிதான். ஜனவரியில், ஆக்பைத்தால் கணவாயின் உச்சியில், சக்தி வற்றிப்போன அந்தப் பேட்டரி உறைந்து இரண்டாகப் பிளந்தது. பனி கொட்டிக்கொண்டிருந்தது, எரிக்க ஒரு சுள்ளி கிடையாது. புருல்கான் இறங்கி, செத்த பேட்டரியின் கேபிள்களைக் கழற்றி, கைக்கொன்றாகப் பிடித்துக்கொண்டு, "சாவியத் திருப்புங்க" என்றாள். எஞ்சின் பிடித்துக்கொண்டது. டீசல் எஞ்சின் ஒருமுறை பிடித்துவிட்டால் அப்புறம் பேட்டரியைத் தேடாது. அவள் கையைத் துடைத்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள்.

அவள் பிறவியிலேயே இருப்புக்கொள்ளாதவள். கல்யாணத்தன்று மணப்பெண் திரைக்குப் பின்னால் அசையாமல் உட்கார வேண்டும். இவள் திரையையும் சுற்றிக்கொண்டு வெளியே போய்க் கணவாய்ப் பாதையைப் பார்த்து நின்றாள். லாரியில் சுற்றலாம் என்றுதான் லாரிக்காரரைக் கட்டிக்கொண்டாள் என்று அவள் அக்காமாரே சொல்வார்கள். அந்தத் துடிப்புதான் ஒவ்வொரு தடவை கேபிளைப் பிடிக்கும்போதும் கொஞ்சம் கொஞ்சமாக லாரிக்குள் போய்க்கொண்டிருந்தது. முதல் குளிர்காலம் முடிந்தபோது ஒரு கோப்பைத் தேநீரை உட்கார்ந்தே குடித்தாள். அடுத்ததில் கம்பளித் துண்டுகளை இணைத்துக் கம்பளம் தைக்கப் பழகினாள். மூன்றாவதில் மாமியார் வீடு வீடாகப் போய் மருமகளைப் புகழ்ந்தார். நாலாவதில் காலையில் சன்னலோரம் உட்கார்ந்தவள், ஓஷ் நகரத்துக்குப் போகிற வண்டிகள் ஹாரன் அடித்தாலும் தலை திருப்பவில்லை. ஊரே சத்தார்குலுக்கு வாழ்த்துச் சொன்னது. அவளுக்கு மட்டும் பயம் பிடித்துக்கொண்டது.

"எங்கயாவது போகணும்னே தோண மாட்டேங்குது" என்று ஒருநாள் கணவரிடம் சொல்லி அழுதாள்.

"நல்லதுதானே" என்றார் அவர். மனதாரத்தான் சொன்னார், அதுதான் கொடுமை.

மறுநாள் அவள் சந்தைக்குப் போனாள். கப்பலில் வருகிற இரும்புச் சரக்குப் பெட்டிகளையே கடைகளாக வரிசையாக வைத்து நடத்துகிற சந்தை அது. கணவரின் சித்தப்பா மகன் எர்மெக் அங்கே பேட்டரி விற்கிறான். பின்னாலேயே சத்தார்குலும் வந்தார். நடந்ததைக் கேட்டு எர்மெக் தலையைச் சொறிந்தான்.

"அண்ணி, லாரியில மிச்சமிருக்கற அந்தப் பழைய பேட்டரியோட யாரைச் சேத்தாலும் இதான் கதி. அது தானும் நிறையாது, பக்கத்துல இருக்கறதையும் உறிஞ்சிரும்."

"இதை ஏண்டா நாலு வருஷமா சொல்லல?" என்றாள் புருல்கான்.

"உங்களைப் பேட்டரின்னு யாரு நெனச்சா? அண்ணன் பொண்டாட்டின்னுல்ல நெனச்சுக்கிட்டிருந்தேன்."

"புதுசு ஒண்ணு மட்டும் குடுடா போதும், பழசு இன்னும் ஓடும்" என்றார் சத்தார்குல்.

"அப்போ அந்தப் புதுசும் என் பக்கத்துலயே சன்னல்ல உக்காந்துக்கும்" என்றாள் அவள்.

எர்மெக் சமாதானமாக ஒரு கார் பேட்டரியை எடுத்து வைத்தான். பன்னிரண்டென்றால் எல்லாம் பன்னிரண்டுதானே என்றான். அவள் அதை ஒரு கையால் தூக்கிப் பார்த்துத் திருப்பி வைத்தாள். "ஒரு கைக்கு அடங்குறது மைனஸ் நாப்பதுல லாரியக் கிளப்புமா?" கடைசியில் கடைப் பெட்டியின் உள்கோடியிலிருந்து, இருவர் பிடித்தால்தான் நகரும் பெரிய பேட்டரிகள் இரண்டு வெளியே வந்தன. இரண்டும் ஒரே அளவு. மூடியில் குத்தியிருந்த மாதமும் வருஷமும் ஒன்றே என்று பார்த்த பிறகுதான் தன் பேரில் இருந்த யாக் மாட்டை விலையாக எர்மெக்கிடம் ஓட்டிவிட்டாள்.

மாட்டுகிற வேலையைக் கணவரிடம் விடவில்லை. கவ்விகளை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தாள். ஒன்றின் மைனஸை மற்றதன் பிளஸோடு சேர்த்தாள், மிச்சமிருந்த பிளஸில் ஸ்டார்ட்டர் கேபிளை மாட்டினாள், லாரியின் உடம்புக்குப் போகிற மைனஸைக் கடைசியாக வைத்து இறுக்கினாள். சத்தார்குல் சாவியைத் திருப்பியதும் எஞ்சின் கிளம்பியது. வெறுங்கையோடு நின்றவளுக்கு ஒன்றுமே தோன்றவில்லை. அந்தப் பழைய துடிப்பு இனி திரும்பி வராது என்றே நினைத்துவிட்டாள். வாரக்கணக்கில் எதுவும் நடக்கவில்லை. பனி இளகுகிற சமயத்தில், மாவு பிசைந்துகொண்டிருந்தபோது, அவளுடைய வலது கால் தானாகத் தரையைத் தட்டத் தொடங்கியது. கர்ப்பத்தை மறைப்பதுபோல அதை இரண்டு நாள் எல்லோரிடமும் மறைத்தாள். அப்புறம் ஓட்டுநர் இருக்கையில் ஏறி உட்கார்ந்தாள்.

"எங்க கிளம்பிட்ட?" என்று ஓடிவந்தார் சத்தார்குல், கையில் பாதி ரொட்டி.

"தெரியல. ஏறுறதுன்னா ஏறுங்க."

அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு ஏறிக்கொண்டார். அன்றிலிருந்து அவர்கள் எந்த ஊரிலும் தங்குவதில்லை. காராகுலிலோ அலிச்சூரிலோ கரி இறக்கப் பொழுது சாயும் வேளையில் வண்டி நிற்கும்; தேநீருக்கு அவள் எந்த வீட்டுக்குள் நுழைகிறாளோ அந்த வீட்டில் விளக்கு தானாக எரியும், எழுந்து போனதும் அணைந்துவிடும். பெண்கள் அந்த வெளிச்சத்தில் ஊசியில் நூல் கோத்துக்கொள்கிறார்கள். பெரிய தையல் எதையும் யாரும் எடுப்பதில்லை.