பதினோரு மடக்குக் கத்திகள்

ஸ்ரீவித்யாவுக்கு நாவலூரில் ஒரு மென்பொருள் கம்பெனியில் டெஸ்டர் வேலை. மற்றவர்கள் எழுதியதில் எங்கே ஓட்டை இருக்கிறதென்று தேடிக் கண்டுபிடிப்பதற்குத்தான் சம்பளம். அந்தப் பழக்கம் ராஜகீழ்ப்பாக்கத்து வீட்டு மொட்டை மாடிவரை வந்திருந்தது. தாம்பரம் சுற்றுவட்டார மாடித்தோட்டக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் எந்த மண்கலவை, எந்தப் பூவாளி என்று யார் கேட்டாலும் முதல் பதில் அவளுடையதாக இருக்கும். மற்றவர்களும் அதற்காகக் காத்திருப்பார்கள்.

ஜூன் மாதத்தில் ஒருவர் கேட்டார்: ஐநூறு ரூபாய்க்குள் நல்ல மடக்குக் கத்தி கிடைக்குமா?

அவள் அப்போதுதான் ஆன்லைனில் ஒன்று வாங்கியிருந்தாள். முந்நூற்று எழுபத்தொன்பது ரூபாய். வந்து இரண்டு நாள் ஆகியிருந்தது. உட்கார்ந்து நீளமாக எழுதினாள். "ஸ்டீல் நல்லா இருக்கு, பேப்பரை சத்தமே இல்லாம வெட்டுது. பிடி கையில அழகா உட்காருது. விரிச்சா மடங்காது, லாக் உறுதி. ஆயிரத்தைந்நூறு ரூபாய் கத்திக்கு எந்த விதத்திலும் குறைஞ்சதில்ல. கண்ண மூடிட்டு வாங்கலாம்."

லாக் உறுதி என்று எழுதினாளே தவிர, அவள் அந்தக் கத்தியைத் திறந்து மூடியது மொத்தம் நாலு தடவை. ஒரு வாரத்துக்குள் பதினோரு பேர் வாங்கிவிட்டார்கள்.

பன்னிரண்டாம் நாள், பாகற்கொடிக்குப் பந்தல் கட்டத் தென்னங்கயிற்றை அறுத்துக்கொண்டிருந்தபோது கத்தி அவள் கையிலேயே மடங்கியது. நகத்தின் நுனி போனது, விரல் தப்பியது. அதைத் திறந்து பார்த்தாள். அலகு விரிந்ததும் உள்ளே ஒரு மெல்லிய தகடு நகர்ந்து வந்து அதன் அடியைத் தாங்க வேண்டும். தகடு வந்தது, ஆனால் ஓரத்தில் மட்டும் ஒட்டிக்கொண்டு நின்றது. அலகின் முதுகைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தாள். பத்துத் தடவையில் மூன்று தடவை வழுக்கியது. பத்துக்கு மூன்று என்றால் என்ன அர்த்தம் என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

குழுவில் எழுதிவிடலாம் என்று போனை எடுத்தாள். அங்கே மெஹ்ரீன் ஒரு படம் போட்டிருந்தாள்: புதுக் கத்தி, பக்கத்தில் நறுக்கிய ரோஜாக் கிளைகள். "வித்யா அக்கா தயவுல சூப்பர் கத்தி கிடைச்சுது." கீழே ஏகப்பட்ட இதயங்கள். ஸ்ரீவித்யா போனைக் கீழே வைத்தாள். எனக்கு வந்தது மட்டும் பழுதாக இருக்கலாம் என்று சொல்லிக்கொண்டாள். கத்தியை மேசை இழுப்பறைக்குள் போட்டு மூடினாள்.

மூன்று வாரம் கழித்து, ஆபீஸ் வண்டி மேடவாக்கம் நெரிசலில் நின்றபோது குழுவில் இன்னொரு படம் வந்தது. கட்டுப் போட்ட கை. "கத்தி மடங்கி வலது ஆள்காட்டி விரல்ல ஆறு தையல். நரம்புல பட்டிருக்காம். நான்தான் சரியா பிடிக்கல போல" என்று மெஹ்ரீன் எழுதியிருந்தாள்.

ஸ்ரீவித்யாவின் விரல்கள் அவளைக் கேட்காமலே ஓடின. "அச்சச்சோ, சீக்கிரம் குணமாகட்டும். மடக்குக் கத்தி யூஸ் பண்ணும்போது எல்லாரும் கொஞ்சம் கவனமா இருங்க ப்ளீஸ்."

பத்தொன்பது பேர் கட்டைவிரலை உயர்த்தினார்கள். அவள் பழைய பதிவைத் தேடிப் பிடித்து அழிக்கப் பார்த்தாள். நாள் கடந்துவிட்டதால் எல்லோருடைய போனிலிருந்தும் அழிக்க முடியாது, உன் போனிலிருந்து மட்டும் அழிக்கலாம் என்றது. அதையும் செய்தாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆப்பிள் வாங்கிக்கொண்டு கிழக்குத் தாம்பரத்தில் இருந்த மெஹ்ரீன் வீட்டுக்குப் போனாள். மெஹ்ரீன் ஒரு லேபில் ரத்தம் எடுப்பவள். ஊசி பிடிக்கும் விரலில் உணர்ச்சி இன்னும் சரியாகத் திரும்பவில்லை, டாக்டர் இரண்டு மாதம் லீவு எடுக்கச் சொல்லியிருக்கிறார் என்றாள். இடது கையால் டீக் கோப்பையை நீட்டினாள். அதில் கொஞ்சம் தட்டில் சிந்தியது.

அவள் கணவன் ஃபயாஸ் மேற்குத் தாம்பரத்தில் டூல்ஸ் கடை வைத்திருப்பவன். உள்ளே போய்க் கத்தியை எடுத்து வந்தான்.

"கூர் எல்லாம் நல்லாதான் கீதுக்கா. பிடியும் மோசமில்ல. இந்தத் தகடுலதான் காசு மிச்சம் புடிச்சிருக்கான், பாருங்க. இதே காசுக்கு லாக்கே இல்லாத கத்தி என் கடையில கீது, ஸ்பிரிங்கு மட்டும்தான். அத எடுக்கறவன் மடங்கும்னு தெரிஞ்சு ஜாக்கிரதையா புடிப்பான். இது நிக்கும்னு நம்ப வெச்சுட்டு மடங்குது." அவளை நேராகப் பார்த்தான். "உங்களுது எப்படிக்கா? சரியா நிக்குதா?"

மெஹ்ரீனும் அவளைப் பார்த்தாள்.

"என்னுது... நல்லாதான் நிக்குது" என்றாள் ஸ்ரீவித்யா.

"அப்ப எங்களுக்கு வந்ததுதான் பேஜார் பீசு" என்றான் ஃபயாஸ், சந்தேகமே இல்லாமல்.

எப்படி வண்டியை ஓட்டி வீடு வந்து சேர்ந்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை. முகம் கழுவினாள். மறுபடி கழுவினாள். ஆறு தையல் போட்ட பெண்ணின் வீட்டில் உட்கார்ந்து, அவள் போட்டுக் கொடுத்த டீயைக் குடித்துக்கொண்டே பொய் சொன்ன வாய் கண்ணாடியில் தெரிந்தது. இழுப்பறையைத் திறந்து கத்தியை எடுத்தாள். போனைச் சாய்த்து வைத்துக்கொண்டு, கத்தி வழுக்குவதை வீடியோ எடுத்தாள். கீழே எழுதினாள்: "இது என் கத்தி. ரெண்டு நாள்தான் யூஸ் பண்ணிட்டு நல்லா இருக்குன்னு எழுதினேன். லாக் நிக்காதுன்னு எனக்கு மெஹ்ரீன் கை வெட்டிக்கறதுக்கு மூணு வாரம் முன்னாடியே தெரியும். சொல்லல. இன்னிக்கு அவங்க வீட்டுல கேட்டதுக்கும் பொய் சொன்னேன்."

அனுப்பினாள். நீல டிக் விழுந்துகொண்டே இருந்தது. பிறகு சுஜி என்ற பெண் எழுதினாள்: "எனக்கும் ரெண்டு தடவ மடங்குச்சு. நீங்க நல்லா இருக்குன்னு சொன்னதால எனக்குத்தான் பிடிக்கத் தெரியலன்னு நினைச்சேன்." அடுத்து இன்னொருவர். நாலு பேர் அதையே சொன்னார்கள். நாலு பேரும் தங்கள் கையைத்தான் சந்தேகப்பட்டிருந்தார்கள். திட்டியிருந்தால்கூட அவளுக்கு அவ்வளவு கூசியிருக்காது.

மெஹ்ரீன் போன் செய்தாள்.

"பார்த்தேன்க்கா."

"மெஹ்ரீன், நான்..."

"கத்தி மடங்குனதுக்கு நீங்க என்ன பண்ணுவீங்க? அத நான் ஒண்ணும் சொல்லல. தெரிஞ்சுகினே கவனமா இருங்கன்னு போட்டீங்க பாருங்க, அதான் தாங்கல. எனக்கு ஒண்ணும் செய்ய வேணாம். மெசேஜ் எல்லாரும் பார்க்க மாட்டாங்க. வாங்குனவங்க வூட்டுக்கு நேர்ல போய் அத வாங்கிடுங்க. இன்னொருத்தருக்கு ஆகக்கூடாது."

அடுத்த இரண்டு ஞாயிறும் ஸ்ரீவித்யா வண்டியில் சுற்றினாள். சேலையூர், சிட்லபாக்கம், பொத்தேரி. ஒவ்வொரு வாசலிலும் காரணத்தை ஆரம்பத்திலிருந்து சொல்ல வேண்டியிருந்தது. ஒரு வீட்டில் உள்ளே கூப்பிடவில்லை, கேட் இடுக்கு வழியாகக் கத்தியை நீட்டினார்கள். இன்னொரு வீட்டில் அந்த அம்மா, "பரவாயில்ல விடுங்க, மனுஷங்கதானே" என்றபோது அவளால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

கடைசி வீடு மாடம்பாக்கத்தில். ரயில்வேயில் ரிட்டயர் ஆன ஏசுபாதம். கத்தி வாங்கியதற்கப்புறம் குழுவைத் திறந்தே பார்க்காதவர். அவள் சொன்னதைக் கேட்டுவிட்டுச் சட்டைப் பையிலிருந்து கத்தியை எடுத்தார்.

"எனக்கு இது ஒரு தொந்தரவும் பண்ணலியேம்மா. தினம் வாழையிலை அறுக்கிறேன்."

அவளே வாங்கி அழுத்திப் பார்த்தாள். நின்றது. பத்துத் தடவை, இருபது தடவை. அவருக்கு வந்த கத்தியில் தகடு நடுவில் வந்து கச்சிதமாக உட்கார்ந்திருந்தது.

"பார்த்தீங்களா? நீங்க எழுதினது கரெக்ட்தான். இந்த விலைக்கு இப்படி ஒரு கத்தி கிடைக்காது" என்றார் அவர் சிரித்துக்கொண்டு.

அந்த ஒரு நொடியில் அவளுக்குள் ஒரு சந்தோஷம் எழுந்தது. நான் முழுக்கத் தப்பில்லை என்கிற சந்தோஷம். இதைக் குழுவில் போட்டால் என்ன என்றுகூடத் தோன்றியது. தோன்றியதுமே காது மடல்வரை சுட்டது. மெஹ்ரீனின் விரலில் இன்னும் உணர்ச்சி திரும்பவில்லை, தான் இங்கே ஒரு நல்ல கத்தியைப் பிடித்துக்கொண்டு மகிழ்ந்து நிற்கிறோம் என்று நினைத்தபோது, பொய் சொன்ன அன்றைக்கு இருந்ததைவிட அதிகமாகக் குறுகிப்போனாள்.

"சார், இன்னிக்கு நிக்குது. எவ்வளவு நாள் நிக்கும்னு எனக்குத் தெரியாது. தெரியாமத்தான் எழுதினேன். தயவுசெஞ்சு குடுத்துடுங்க."

அவர் கத்தியையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். அரைமனதாகத்தான் தலையாட்டினார்.

"சரி, நாளைக்கு நான் எத வெச்சு வெட்றது? நீங்களே நல்லதா ஒண்ணு சொல்லுங்க."

"தெரியல சார்" என்றாள் ஸ்ரீவித்யா.

கத்தியைத் தன் பையில் போட்டு, ஜிப்பை இழுத்து மூடிக்கொண்டு படியிறங்கினாள்.