ஏழாம் நம்பர் டோக்கன்

காத்தான் செத்துக் காரியமும் முடிந்த பிறகு, கம்ப்யூட்டர் அவனை வேலைக்கு வந்தவனாகக் காட்ட ஆரம்பித்தது.

துவாக்குடியில் தகடு அடிக்கும் கம்பெனி அது. தகட்டை அழுத்தி வெட்டும் பிரஸ்ஸில் காத்தானின் கை போயிற்று. டவுன் ஆஸ்பத்திரிக்கு வண்டி போய்ச் சேருமுன் உயிரும் போயிற்று. வருகைப் பட்டியலில் அவன் டோக்கன் நம்பர் ஏழு. அவன் சாவு பற்றிய கேஸ் முடியும்வரை பெயரை எடுக்கக்கூடாது என்று முதலாளி வெள்ளைச்சாமி சொல்லிவிட்டார். அதே பிரஸ்ஸில் இப்போது நிற்பவன் உறையூர் நல்லுசாமி. டோக்கன் ஐந்து. காலையில் ஆபரேட்டர் அமலராணி ஐந்து என்று அடிப்பாள். அச்சாகி வரும் வருகைத் தாளில் நல்லுசாமி இருக்கமாட்டான், காத்தான் இருப்பான்.

"என்னையும் அவன்கூட அனுப்பத்தான் இவ இப்படி அடிக்கிறா" என்று நல்லுசாமி கத்தினான். அவனுக்குச் சோறு இறங்கவில்லை. யாரோ கம்ப்யூட்டரில் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கோத்துக் கட்டினார்கள். முதலாளி ஸ்ரீரங்கத்திலிருந்து பெருமாள் படம் வாங்கிவந்து ஒட்டினார். காத்தான் வருவது நிற்கவில்லை.

"மெஷின்ல கோளாறு இல்லேன்னா அந்தப் பொண்ண நிறுத்திடுவேன்" என்று சொல்லித்தான் முதலாளி மெக்கானிக் சவரிநாதனை வரவழைத்தார்.

சவரிநாதன் முதலில் எலுமிச்சம்பழத்தை அவிழ்த்து வைத்தான். வாசலில் நின்ற நல்லுசாமி முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"அஞ்சுன்னு அடி தங்கச்சி, பார்ப்போம்."

"அஞ்சுதாண்ணே அடிக்கிறேன். மாதா மேல சத்தியம்."

திரையில் ஐந்து விழுந்தது. பட்டியலைத் திரும்பக் கூப்பிட்டபோது அங்கே ஏழு இருந்தது.

சவரிநாதன் கம்ப்யூட்டரின் மூடியைக் கழற்றினான். உள்ளே மெமரி சிப்புகள் வரிசை வரிசையாக இருந்தன. சூட்டில் சிப் இருப்பிடத்திலிருந்து மெல்ல மேலே எழும்பிக்கொள்ளும். ஒவ்வொன்றையும் கட்டைவிரலால் அழுத்தினான். மறுபடி ஏழு. பிறகு கரண்டை நிறுத்தி, முன்வரிசைச் சிப் ஒன்றைப் பிடுங்கிப் பின்வரிசையில் இருந்ததோடு மாற்றிப் போட்டுப் பார்த்தான். அப்படியே ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டு வந்தான். ஒரு சிப்பை மாற்றியதும் ஐந்து ஐந்தாகவே நின்றது.

"இந்தச் சிப்புல ஒரே ஒரு இடம் கெட்டுப்போச்சு. அஞ்சைக் குடுத்தா ஏழாத் திருப்பித் தருது."

"அப்ப பேய் இல்லியா?" என்றான் நல்லுசாமி.

"இருந்தா இப்பப் பின்வரிசைக்குப் போயிருக்கும். இறக்கி விட்டுருவோம்."

சவரிநாதன் டார்ச்சைப் போர்டின் மூலைக்குத் திருப்பினான். "மெமரி தப்பினா மெஷின் தானா நின்னுடணும். இது ஏன் நிக்கல?" அப்படி நிறுத்த வேண்டிய சின்ன சுவிட்ச் ஒன்று அணைக்கப்பட்டிருந்தது. "யாரு பண்ணது?"

அமலராணி முதலாளியைப் பார்த்தாள். "அடிக்கடி நிக்குதுன்னு முன்ன வந்த மெக்கானிக்கைவிட்டு சார்தான் பண்ணச் சொன்னாங்க."

"நின்னா வேலை எப்படி நடக்கும்?" என்றார் வெள்ளைச்சாமி. குரலைத் தாழ்த்திக்கொண்டார். "தம்பி, கேஸ் நடக்குது. இங்க எதையோ அணைச்சு வச்சேன்னு வெளியில போகக்கூடாது. மெஷின் சரியாத்தான் இருக்கு, பொண்ணுதான் தப்பா அடிச்சுதுன்னு சொல்லிட்டுப் போங்க."

அமலராணி நாற்காலியை விட்டு எழுந்தாள். அப்பா படுக்கையில், வீட்டில் வேலைக்குப் போகிறவள் அவள் ஒருத்திதான்.

"கண்ணால பாத்ததை எப்படிங்க மாத்திச் சொல்றது?" என்றான் சவரிநாதன்.

நல்லுசாமி உள்ளே வந்தான். "பிரஸ்லயும் இப்படித்தாண்ணே. ரெண்டு கையாலயும் ரெண்டு பட்டனை அமுக்குனாத்தான் இறங்கணும். ஒண்ணைக் கம்பி போட்டுக் கட்டி வச்சிருக்கு, வேலை சுருக்கா ஓடணும்னு. முதலாளி சொல்லிக் காத்தான்தான் கட்டினான். அவன் கட்டின கம்பியிலதான் தெனம் நான் நிக்கிறேன்."

"போய் வேலையப் பாருடா" என்றார் வெள்ளைச்சாமி.

"உன்னை வாய்க்கு வந்தபடி பேசிட்டேன் தங்கச்சி" என்றான் நல்லுசாமி. சவரிநாதனின் பையிலிருந்து கட்டிங் பிளேயரை எடுத்துக்கொண்டு, அந்தக் கம்பியை வெட்ட அவன் வெளியே போனான்.

கொஞ்ச நேரத்தில் மற்றப் பிரஸ்களின் சத்தமும் நின்றது. ஆட்கள் ஒவ்வொருவராக வந்து வாசலை அடைத்து நின்றார்கள். வெள்ளைச்சாமி அவர்களைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். "நாளைக்கு நேரத்துக்கு வந்துடு" என்று அமலராணியிடம் சொல்லிவிட்டு அவர்களை விலக்கிக்கொண்டு போனார்.

சவரிநாதன் புதுச் சிப்பைப் போட்டு, சுவிட்சையும் திருப்பினான். அமலராணி ஐந்து என்று அடித்தாள். தாள் கரகரவென்று இறங்கியது. நல்லுசாமி இருந்தான். ஏழுக்கு நேரே, காத்தான் பெயரில், ஆப்சென்ட் என்று விழுந்திருந்தது.

தாள் வாசலில் கை மாறிப் போயிற்று. அதைப் படித்த ஒருவன் தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டான். பிறகு மற்றவர்களும் அவிழ்த்தார்கள்.