தலைமைக் கூடத்தின் வாளி

1

இந்தக் கதை ஒரு வாளியிலிருந்து வந்தது. மரபு, ஞானம் என்று பெரிதாகச் சொல்லிக்கொள்ள ஆசைதான். ஆனால் வாளிதான்.

ஜப்பானின் கனாசாவாவில் எங்கள் கம்பாட்டப் பள்ளியின் தலைமைக் கூடத்துக்குத் தொண்ணூறு வயதாகிறது. அதன் வரலாற்றை என்னை எழுதச் சொன்னார்கள். நாற்பது ஆண்டு நாளிதழில் பிழை திருத்தியவனுக்கு எழுதவும் வரும் என்று யாரோ நம்பிவிட்டார்கள். என் முதல் தொடக்கம் இது:

"மூடுபனி சூழ்ந்த ஒரு காலையில், நிறுவனர் தொகாஷி தம் கம்பை ஏந்தி..."

(பனியெல்லாம் இல்லை. அடைமழை. அடித்துவிட்டேன்.)

2

எங்கள் பள்ளியின் பெருமையே ஓர் அரையடிதான். மூன்றாம் வரிசை ஆட்டத்தில் கம்பை ஓங்கி நேராகப் போகும்போது, கூடத்தின் நடுவில் இடப்பக்கம் அரையடி விலகி மறுபடி நேராக வேண்டும். "நிலவை விலக்கும் அடி" என்று பெயர். அதன் தத்துவம் பற்றி நானே இரண்டு கட்டுரைகள் எழுதியிருக்கிறேன்.*

அந்த அடி வராமல் டோஃபு கடை இசுருகி கனாயே மூன்று முறை ஆசிரியர் தேர்வில் தோற்றாள். அவளுடைய இடது முழங்கால் அப்படித் திரும்பாது. மற்றதில் அவளை மிஞ்ச எங்களில் ஆளில்லை. தேறினால் கடை மாடியில் சொந்தமாகக் கூடம் திறக்கலாம், தரைக்குப் பலகைகூடப் போட்டுவிட்டாள். இந்த ஞாயிறு நான்காம் தேர்வு. ஐம்பத்தெட்டு வயதாகிறது, இதுதான் கடைசி என்று சொல்லிவிட்டாள்.

* தயவுசெய்து தேடிப் படிக்க வேண்டாம்.

3

கூடத்து அலமாரியில் நிறுவனரின் மனைவி எழுதிய குறிப்பேடு கிடைத்தது.

"கூரை மறுபடி ஒழுகுகிறது. நடுவில் வாளி வைத்தேன். எல்லாரும் இடப்பக்கம் விலகி ஆடுகிறார்கள்."

மூன்று ஆண்டு வாளி அங்கேயே இருந்திருக்கிறது. பிறகு கூரையை மாற்றினார்கள். வாளி போயிற்று, அரையடி தங்கிவிட்டது.

வயிறு வலிக்கச் சிரித்தேன். பிறகு கனாயேயின் நினைவு வந்தது. நேரே அவள் கடைக்குப் போய்ச் சொன்னேன்.

"அப்போ பதினோரு வருஷமா ஒரு வாளிகிட்டயா தோத்துக்கிட்டிருக்கேன், அண்ணே?"

"அப்படித்தான் தெரியுது."

"எழுதிடாதீங்க. எனக்காக விதிய வளைச்சுட்டாங்கன்னு ஊரே பேசும். சென்செய் மனசும் ஒடஞ்சிடும், நம்ம ஆசானாச்சே."

(இங்கே அவளை ரொம்ப நல்லவளாக்கிவிட்டேனோ என்று சந்தேகம். அந்த வாளியைத் திட்டிய சொல் அச்சில் ஏறாது.)

4

முடிவு அ: குறிப்பேட்டை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு...

முடிவு ஆ: உண்மை வெளியாகிப் பள்ளி இரண்டாகப் பிளந்து...

(சீ, ஓர் அரையடிக்குப் போய்.)

கடைசியில் குறிப்பேட்டை யாசுயே சென்செயிடம் கொடுத்தேன். நிறுவனரின் கடைசி மகள், இன்று எங்கள் தலைவி, கனாயேயை மூன்று முறையும் தேர்வில் தோற்கடித்தவர். அவர் படித்து முடித்து நிமிர்ந்தார்.

"இந்த வாளி எனக்குத் தெரியும்ப்பா. எங்கம்மா என்னை இதுலதான் குளிப்பாட்டுவா."

"புத்தகத்துல போடலாமா, சென்செய்?"

"நீ எத வேணா போட்டுக்க. மூணு தடவ அந்தப் பொண்ணத் தள்ளிவிட்டேனே, அதுக்கு என்னடா பண்ணுவேன்?" அவர் குரல் உடைந்து நான் கேட்டது அன்றுதான்.

5

ஞாயிறு, வெளியே கொட்டும் மழை. வழக்கம்போல எல்லாரும் குனிந்து, ஈரத்துணியைத் தள்ளிக்கொண்டே ஓடித் தரையைத் துடைத்தோம். கனாயே கம்போடு வந்து நின்றாள்.

"கொஞ்சம் இரும்மா," என்றார் சென்செய். எழுந்து கூடத்தின் நடுவுக்கு வந்தார். கூரையை அண்ணாந்து பார்த்தார். குனிந்து உள்ளங்கையால் தரையைத் தடவினார்.

"ஒழுகல. நீ நேரா போ."

மற்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

கனாயே இரண்டடி வைத்தாள். விலக வேண்டிய அந்த மூன்றாவதற்குக் காலைத் தூக்கினாள்.

இங்கே நிறுத்திக்கொள்கிறேன். தேர்வு முடிவு பதிவேட்டில் இருக்கிறது, நான் சொல்லப்போவதில்லை. அந்தக் கால் உங்கள் பொறுப்பு. வரலாற்று நூலின் முதல் வரியை மட்டும் சொல்லிவிடுகிறேன்: "கூரை ஒழுகியது."

எழுதியவன் நான்தான். ஆனால் இன்று காலைகூட, தரை துடைத்துக்கொண்டு ஓடியபோது, நடுவில் அரையடி விலகித்தான் போனேன்.